ஏரியில் தூண்டில் போட்டால் யார் காசு கேட்கலாம்? சேலம் பக்கத்து நிலவரம்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகன் இரண்டு நண்பர்களோடு பக்கத்து ஊர் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். கிடைத்தது மூன்று ஜிலேபி மீன், உள்ளங்கை அகலம்கூட இருக்காது. பைக்கில் வந்த இரண்டு பேர் "ஏரி எங்க குத்தகை" என்று சொல்லித் தூண்டிலையும் செல்போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டாயிரம் கொடுத்தால்தான் திருப்பித் தருவோம், இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். பையன்கள் வீட்டுக்குப் போன் போட்டு, பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரசீது கிடையாது.

அப்புறம் நான் அலைந்தேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் "ஏரி ஒன்றியத்துக்குச் சேர்ந்தது" என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் "அது பெரிய ஏரி, பொதுப்பணித்துறை" என்றார்கள். அங்கே போனால் "தண்ணி, மதகுதான் எங்க வேலை, மீனுக்கு மீன்வளத்துறையைப் பாருங்க." மீன்வளத்துறையில் அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பில் இருந்தார், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நான்கு அலுவலகம், பதினோரு நாள், ஒரு காகிதம்கூடக் கையில் இல்லை. இதே கதையை இந்தப் பக்கத்தில் நிறைய பேர் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஆற்றில் சால்மன் பிடிக்க உரிமம் வாங்கினால், எந்த மாதம் பிடிக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த அளவுக்குக் கீழே இருந்தால் திருப்பி விட வேண்டும் என்று விதியைத் தெளிவாகவே தந்துவிடுகிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் பையன்களும் "இங்கே எத்தனை கிலோ வரை பிடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். இங்கே அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது யாருடைய தண்ணீர் என்பது. ஏரிக்கு ஒருவர், அணைக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர். ஒருவர் கொடுத்த அனுமதி அடுத்தவரிடம் செல்லாது.

முதலில் ஏரி. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது பொதுப்பணித்துறை ஏரி. இப்போது நீர்வளத்துறை என்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றிய ஏரி. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, எவ்வளவு என்று ஊர்ப் பெரிய விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மீன் பிடிக்கும் உரிமையை மீன்பாசி குத்தகையாக ஏலத்தில் விடுகிறார்கள். குத்தகை நடப்பில் இருக்கும்போது அந்த ஏரி மீன் குத்தகைதாரருடையது. அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் தப்பு நம் பக்கம். இதில் வாதாட வேண்டாம், மீன் குஞ்சு வாங்கி விட்டவர் அவர்.

ஆனால் "குத்தகை எங்களுடையது" என்று வாயால் சொல்கிறவர் எல்லோரும் குத்தகைதாரர் இல்லை. ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். குத்தகைக் கணக்கு பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டில் ஓடும்: ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. குத்தகை உத்தரவில் எந்தப் பசலி முதல் எந்தப் பசலி வரை என்று எழுதியிருக்கும். காலம் முடிந்த பிறகும், புது ஏலம் நடக்கும் வரை, பழைய ஆட்களே கரையில் நின்று வசூல் பண்ணுவார்கள். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பெயரைப் பார்க்கும் முன் பசலியைப் பாருங்கள். ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால், அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வந்துவிடும்.

உண்மையான குத்தகைதாரராகவே இருந்தாலும் அவர் அபராதம் போட முடியாது, உங்கள் போனைப் பிடுங்க முடியாது. புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். கரையில் உட்கார்ந்து பிடிக்க அவர் கட்டணம் கேட்டால் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. தேதி போட்ட ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீது இல்லாத பணத்துக்கு அடுத்த வாரம் வேறொருவர் வந்து மறுபடி கேட்பார்.

இன்னொரு மிரட்டல் "தடைக்காலம்". நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு. அது கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கானது. எடப்பாடிப் பக்கத்து ஏரியில் அதைச் சொல்லிக் காசு கேட்டால் பொய்.

மேட்டூர் அணை தனிக் கதை. நீர்த்தேக்கத்தில் மீன்வளத்துறையிடம் உரிமம் வாங்கிய மீனவர்கள் பரிசலில் போய்ப் பிடிக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. பண்ணவாடியில் தண்ணீர் வற்றி நந்தி சிலை வெளியே தெரியும் நாட்களில், மீன் ஒதுங்கி நிற்கிறது என்று வெளியூர்க் கூட்டம் தூண்டிலோடு வந்து இறங்கும். தெரிந்தவர் பரிசலில் ஏறிவிட்டால் அவருடைய உரிமம் நமக்கும் சேரும் என்று நினைக்கிறார்கள். அப்படி எண்ணிப் போய் மாட்ட வேண்டாம், அந்த மீனவரையும் மாட்டிவிட வேண்டாம். மேட்டூரில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஏற்காட்டில் படகுத்துறை டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏரியில் தூண்டில் வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த டிக்கெட் படகில் ஏறுவதற்கு மட்டும். சேர்வராயன் மலை ஓடைகள் பல காப்புக்காட்டுக்குள் ஓடுகின்றன. அங்கே விதியை மீறி மீன் பிடிப்பது 1882-ஆம் வருஷத்து வனச்சட்டப்படியே குற்றம். ஒகேனக்கல் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பத்து வருஷமாக மீன் பிடித்த இடம் என்பது அங்கே எடுபடாது.

தூண்டிலில் ஆமை மாட்டினால் தூண்டில் நரம்பை வெட்டி உடனே தண்ணீரில் விடுங்கள். கையில் பிடித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நம் ஏரி, ஆற்று ஆமைகளில் பல வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. குற்றம் நிரூபணமானால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை, 7 வருஷம் வரை போகலாம். மீனுக்கு வெடித் தோட்டா போடுவதும் தண்ணீரில் மருந்து கலப்பதும் 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே தடை. கூட நின்று மீன் பொறுக்கினால் நீங்களும் விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, அலுவலக அலைச்சலுக்கு என்ன வழி? நேரில் போய்க் கேட்பதை நிறுத்துங்கள். வெள்ளைத் தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஏரியின் பெயர், கிராமம், வட்டம் எழுதி மூன்றே விஷயம் கேளுங்கள்: மீன்பாசி குத்தகை யாருக்கு, எந்தப் பசலி வரை, உத்தரவின் நகல். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயம் வேண்டாம். 6(3) பிரிவுப்படி அவர்களே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். எங்களை நான்கு வாசல் ஏற்றி இறக்கினார்களே, அந்த வேலை சட்டப்படி அவர்களுடையது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எங்களுக்கு 26-ஆம் நாள் பதில் வந்தது. அந்த ஏரியின் குத்தகை ஜூன் 30-லேயே முடிந்திருந்தது. பையனிடம் பணம் பிடுங்கியது ஆடியில். பதிலின் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு எண்ணை வாங்கினோம். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். பிறகு கேட்டால் மனுவே வரவில்லை என்பார்கள். மூன்றாவது வாரம் அந்த ஆட்களே வீடு தேடி வந்து இரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கு அழைத்தும் புகாரைப் பதியலாம், அங்கேயும் எண் தருவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எந்த அனுமதியோடும் சம்பந்தமில்லாதது. மேட்டூர் அணை 120 அடியை நெருங்கி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டால், மதகுக்குக் கீழே உள்ள பாறைக் குட்டைகளில் எவ்வளவு மீன் நின்றாலும் இறங்காதீர்கள். தண்ணீர் வருவது தெரிந்து மேலே ஏற நேரம் இருக்காது.