காணொளியா, காணொலியா?

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளில் சிலர் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி, மற்றவர்கள் ஆங்கிலவழி. வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும். வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் குழுவுக்குப் 'பாடக் காணொளி' என்று பெயர் வைத்தேன். அன்று இரவே ஒரு மாணவியின் அப்பா கேட்டார்: "டீச்சர், பேப்பர்ல சின்ன ல போட்டு காணொலின்னு எழுதுதாங்க. நீங்க பெரிய ள போட்டிருக்கீங்க. எது சரி?"

நல்ல கேள்வி. அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். அது போதாது.

வீடியோ என்பது லத்தீன் சொல். காணுதல் என்னும் வினையின் தன்மை ஒருமை வடிவம் அது. 'நான் காண்கிறேன்' என்று பொருள். அதன் இணையான ஆடியோ, 'நான் கேட்கிறேன்'. 1930களில் தொலைக்காட்சி உருவாகிவந்தபோது, படத்துக்கு உரிய அலையை வீடியோ என்றும் ஒலிக்கு உரிய அலையை ஆடியோ என்றும் பொறியாளர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஆக, பிறந்தபோது வீடியோவுக்குள் ஒலி கிடையாது. 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் காந்த நாடாவில் படத்தைப் பதியும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நாடாவில் ஒலிக்கும் ஓர் ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். நாடா கேசட்டாகி வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் வீடியோ என்றால் படமும் ஒலியும் சேர்ந்தது என்று பொருள் விரிந்துவிட்டது. நம் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழில் காணொளி என்பது காண் + ஒளி. கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. காண் என்பதில் முன்னே நெடில் இருப்பதால் ணகரம் இரட்டிக்காது. குறிலான கண் என்றால் கண்ணொளி ஆகியிருக்கும். வீடியோவின் முதற்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது. காணொலி என்று எழுதுவோர், காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்கிறார்கள். அரசுச் செய்திக் குறிப்புகளில் 'காணொலிக் காட்சி வாயிலாக' என்று வருவது இந்த வழியில்தான். அவர்கள் சொல்லவந்த பொருள் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லமைப்பு அதற்கு இடம் தரவில்லை. வினை வேரும் பெயரும் சேர்ந்தால் 'காணும் ஒலி' என்றுதான் விரியும். ஒலியைக் காண முடியாது. விழியம், நிகழ்படம் என்ற சொற்களும் உண்டு. விழியம் குறுகிய, அழகான சொல். ஆனால் எங்கள் குழுவில் யாருக்கும் விளக்காமல் புரியவில்லை. நான் காணொளி என்றே எழுதுகிறேன். பேசும்போது வீடியோ என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

சொல்லில் ஒலி இல்லை. ஆனால் பாடத்தில் ஒலிதான் முக்கால் பங்கு என்பதை ஒரு ஜூலை மாதம் கற்றுக்கொடுத்தது.

ல, ள, ழ பாடத்தை 14 நிமிடம் ஒரே மூச்சில் பதிந்தேன். கரும்பலகை பளிச்சென்று இருந்தது, எழுத்தும் தெளிவு. வெளியே மழை. எங்கள் மாடிக்குப் பத்ராக் கூரை. தகரத்துக்கு இங்கே அதுதான் பெயர். அனுப்பிய மறுநாள் ஒரு தாய் சொன்னார்: "படம் நல்லாத்தான் தெரியுது டீச்சர். நீங்க ஒலின்னு சொல்றீங்களா ஒளின்னு சொல்றீங்களான்னுதான் பிள்ளைக்குக் கேக்கல." மீண்டும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாடத்தில் கற்பிக்க வேண்டிய ஒன்றே ஒன்று மழைச் சத்தத்தில் கரைந்து போயிருந்தது. படம் மங்கினால் பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டாவது பார்க்கும். ஒலி மங்கினால் அணைத்துவிடும்.

இதே மும்பையில், பொவாயில் உள்ள ஐஐடி பம்பாயில் உருவானது ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம். தமிழுக்கு மாற்றும்போது திரையில் தெரியும் ஆங்கில மென்பொருளைத் தொடமாட்டார்கள். பேச்சை மட்டும் தமிழாக்குவார்கள். படம் அப்படியே இருக்க, குரல் மாறியதும் அது வேறொரு மாணவருக்கு உரிய பாடமாகிவிடுகிறது. திட்டத்தின் பெயரிலேயே பேச்சு இருப்பது எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய பாட எழுத்துப்படியில் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் திரையில் காண்பது, வலப்பக்கம் வாயால் சொல்வது. எழுதி முடித்த பிறகுதான் பதிவு.

கண்ணுக்கும் காதுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் நெடுங்காலம் ஆய்வு செய்திருக்கிறார். படத்தோடு குரல் விளக்கம் வந்தால் மனத்தில் நன்றாகப் பதிகிறது. அதே விளக்கத்தைத் திரையிலும் வரிவரியாக எழுதிப் போட்டால், கண் படத்தை விட்டு எழுத்துக்கு ஓடுகிறது, கற்றல் குறைகிறது. மொழி புதிதாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் முக்கியச் சொல் திரையில் இருப்பது உதவும். நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, 6 நிமிடத்துக்கு உட்பட்டவற்றையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்று கண்டது. என் 14 நிமிடத்தை மூன்றாக உடைத்தேன்.

மறுபதிவு இரவு 11 மணிக்கு. மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொண்டேன். கரும்பலகையை எடுத்துவிட்டேன். வாயை மட்டும் நெருக்கத்தில் காட்டி, பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்ததில் நாக்கு தெளிவாகத் தெரிந்தது. லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் அடியை ஒற்றும். ளகரத்துக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தை வருடும். ஒற்றுதல், வருடுதல் என்ற இரண்டு சொற்களும் தொல்காப்பியப் பிறப்பியலிலேயே இருக்கின்றன. இந்தியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ளகரம் எளிதில் பிடிபடாது. எங்கள் பிள்ளைகளுக்கு மராத்தி கைகொடுக்கிறது: கறுப்புக்கு இந்தியில் 'காலா', மராத்தியில் 'காளா'. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லச் சொன்னால், நாக்கு தானே இடம் மாறுவதை அவர்களே உணர்ந்துவிடுகிறார்கள்.

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் முன் ஒரு தாளை நெடுக்காக மடித்து இரண்டு பத்தி ஆக்குகிறேன். இடப்பக்கத்துக்குத் தலைப்பு 'காண்', வலப்பக்கத்துக்கு 'ஒலி'. அந்த மறுபதிவின் தாளில் முதல் வரி இது. காண்: வாய் நெருக்கத்தில், நாக்கு மடிகிறது, திரையில் ஒரே சொல், 'ஒளி'. ஒலி: "ஒளி." மூன்று நொடி அமைதி. பிள்ளை திருப்பிச் சொல்வதற்கு.