பிள்ளைகளின் கணையத்தில் வரும் கட்டி

கணையப் புற்றுநோய் என்றதும் முதியவர்களை விரைவில் வீழ்த்தும் கொடிய நோயே நம் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளின் கணையத்தில் மிக அரிதாகத் தோன்றும் கட்டிகளுக்கு அந்த அச்சம் பெரும்பாலும் பொருந்தாது. அவற்றுள் அதிகம் காணப்படும் ஒன்றை அமெரிக்க நோய்க்குறியியல் வல்லுநர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் 1959-ஆம் ஆண்டு விவரித்தார். 'ஃபிரான்ட்ஸ் கட்டி' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பெரும்பாலும் வளரிளம் பெண்களுக்கே இது வருகிறது.

இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கணையம் மறைந்து கிடப்பதால், கட்டி நன்கு பெரிதாகும் வரை வலிகூட இல்லாமல் போகலாம். வயிற்றில் அடிபட்டதற்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதும் உண்டு. சி.டி. படத்தில் உறை சூழ்ந்த உருண்டையும், அதனுள் பாதி திடப்பொருளும் பாதி நீரும் பழைய இரத்தமும் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புரிகிறது: இரத்தக்குழாயை ஒட்டிய செல்கள் மட்டும் பிழைத்து நிற்க, தள்ளியிருப்பவை பிடிப்பு விட்டு உதிர்கின்றன. பீட்டா-கேட்டனின் மரபணுவில் நேர்ந்த பிறழ்வால், செல்களை இணைக்க உதவும் அந்தப் புரதம் இடம்மாறி உட்கருவில் குவிகிறது. அந்தப் புரதத்தைக் காட்டும் சாயமிட்ட திசுவில் உட்கருக்கள் பழுப்பாகத் தெரிவதே நோயை உறுதிசெய்யும் முக்கிய அடையாளம்.

சிறு குழந்தைகளிடம் 'பான்கிரியாட்டோபிளாஸ்டோமா' என்ற வேறு கட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதில், கருவிலிருக்கும் சிசுவின் உடல் மிகுதியாக உருவாக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்ற புரதம் இரத்தத்தில் பல நேரங்களில் உயர்ந்திருக்கும். ஃபிரான்ட்ஸ் கட்டியில் அது பொதுவாக உயர்வதில்லை. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த அளவு இயல்பாகவே மிக அதிகம் என்பதால், வயதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பது ஆபத்து. பான்கிரியாட்டோபிளாஸ்டோமாவை உடனே அகற்ற முடியாதபோது, சிஸ்பிளாட்டின், டாக்ஸோரூபிசின் ஆகிய புற்றுநோய் மருந்துகளால் சுருக்கிய பிறகு அறுவை செய்கிறார்கள்.

ஃபிரான்ட்ஸ் கட்டிக்கு அறுவைதான் சிகிச்சை. முழுமையாக அகற்றினால் 100 பேரில் 95-க்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். கட்டி கணையத்தின் இடப்பக்க முனையான வால்பகுதியில் இருந்தால் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கிருமிகளை எதிர்க்கும் மண்ணீரலைக் காப்பாற்ற முயல்வார்கள். முன்சிறுகுடலை ஒட்டிய தலைப்பகுதியில் இருந்தால் முன்சிறுகுடலையும் பித்தநாளத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து நீக்கிக் குடலை மறுபடி இணைக்கும் பெரிய அறுவை தேவைப்படலாம். வெட்டிய இடத்திலிருந்து கணையநீர் கசிகிறதா என்று வடிகுழாய்த் திரவத்தில் உள்ள அமைலேஸ் என்ற கணையநீர் நொதியின் அளவைப் பார்த்து அறிவார்கள். கட்டி ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால், சிறுமியின் உடலில் கதிர்வீச்சு சேராதிருக்க, தொடர் பரிசோதனைகளுக்கு இயன்றவரை எம்.ஆர்.ஐ.யையே நாடுகிறார்கள்.