இன்ஜினை மாற்றும்போது பெட்ரோல் டேங்கின் ஆவிக்குழாயை மறக்க வேண்டாம்

கார்பரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) ஏற்றிய பழைய ஜிப்சிகளும் மாருதி 800களும் எங்கள் பட்டறைக்கு வரும்போது, டேங்கின் மேலிருந்து வரும் மெல்லிய ஆவிக்குழாய் எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சில வண்டிகளில் அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகிக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். வேறு சிலவற்றில் அது வண்டிக்கு அடியில் திறந்தபடி தொங்கும். இரண்டுமே ஆபத்தானவை.

40 லிட்டர் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் கனஅளவு ஏறக்குறைய முக்கால் லிட்டர் கூடும். ஆவியின் அழுத்தமும் சேர்ந்து உயரும். எம்.பி.எஃப்.ஐ. அமைப்பில் ரிட்டர்ன் குழாய் இருந்தால், இன்ஜின் அருகே சூடான பெட்ரோல் ஓயாமல் டேங்குக்குத் திரும்புவதால் ஆவி இன்னும் மிகும். அதே சமயம் பம்ப் இழுக்கும் பெட்ரோலுக்கு ஈடாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். குழாயை அடைத்து, டேங்க் மூடியின் வால்வும் இயங்காமல் போனால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திணறி நிற்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடும். இதைக் கவனிக்காமல் நல்ல பம்பை மாற்றிச் செலவழித்தவர்கள் பலர்.

திறந்து விடுவது இதைவிடக் கொடியது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது கலைந்து போகாமல் அடித்தள வாகன நிறுத்தங்களிலும் பட்டறைக் குழிகளிலும் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு சுவிட்சின் பொறி அதைப் பற்றவைத்துவிடும்.

சரியான வழி, ஆவிக்குழாயைக் கேனிஸ்டர் என்னும் கரி நிரப்பிய டப்பாவில் இணைப்பதுதான். கலிபோர்னியா 1970லேயே புதிய கார்களுக்கு ஆவிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. கேனிஸ்டர் பிடித்து வைக்கும் ஆவியைப் பர்ஜ் வால்வு (தேவையானபோது மட்டும் ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் வால்வு) வழியாக இன்ஜின் உறிஞ்சி எரிக்க வேண்டும். இன்ஜின் மாற்றத்தில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இணைப்பே. புதிய இசியுவிலிருந்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பர்ஜ் வால்வுக்கு வயரிங் செய்யாவிட்டால் கேனிஸ்டர் நிறைந்து பயனற்றுப் போகும். வால்வே இல்லாமல் கேனிஸ்டர் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) நேராகச் சொருகினால் ஐடிலிலும் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போதும்) ஆவி புகுந்து இன்ஜின் தடுமாறும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) சேர்ப்பவர்கள் அந்தக் குழாயில் ஒருவழி வால்வைக் கட்டாயம் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் டர்போ உண்டாக்கும் பூஸ்ட் அழுத்தம் பின்னோக்கிப் பாய்ந்து கேனிஸ்டரையும் டேங்கையும் அடையும்.

டேங்கின் மேலுள்ள ரோல்ஓவர் வால்வை, இடைஞ்சலாகத் தெரிந்தாலும், தயவுசெய்து நீக்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஆவிக்குழாய் வழியே பெட்ரோல் கொட்டாமல் தடுப்பது அதுதான். குழாய்க்கும் பெட்ரோலைத் தாங்கும் ஹோஸையே வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் சில மாதங்களிலேயே உப்பி வெடிப்பு விடும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இன்னும் சீக்கிரமாக.