திட்டினால் பகடைகூடத் திருந்தும்

சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வார நாட்களில் ஓசூர் சிப்காட்டில் லைன் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர்.

"சார், ஒருத்தன் நல்லா பாடிட்டு வந்தான்னா முதுகுல தட்டிக்கொடுக்கிறேன், அடுத்த மேட்ச்ல சொதப்புறான். படுமோசமா ஆடினவனை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டா, அடுத்த மேட்ச்ல எழுந்து நிக்கிறான். கம்பெனியிலயும் இதே கதைதான். ஆனா ட்ரெயினிங் எடுக்க வர்றவங்க எல்லாரும் பாராட்டுங்க, பாராட்டுங்கன்னே சொல்றாங்க. எது சரி?"

அவர் கண்ணால் பார்த்தது முழுக்க உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. அவருக்குத் துணையாகப் பெரிய இடத்து ஆட்களும் உண்டு. 1960களில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு உளவியலாளர் டேனியல் கானமன் வகுப்பெடுத்தார். புறாவில் தொடங்கி மனிதர் வரை, தண்டனையைவிட வெகுமதிதான் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மூத்த பயிற்சியாளர் ஒருவர் மறுத்தார். அழகாகச் சாகசம் செய்த விமானியைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகச் செய்கிறான், மோசமாகச் செய்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான் என்பது அவருடைய அனுபவம். சூளகிரிக்காரர் கேட்ட அதே கேள்வி. கானமன் வாதாடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று ஆளுக்கு இரண்டு நாணயம் எறியச் சொன்னார். முதல் வீச்சு குறிக்கு அருகே விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது தள்ளிப் போனது. முதல் வீச்சு தள்ளி விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது நெருங்கி வந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. (பின்னாளில், 2002இல், கானமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.)

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். லூடோ பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுங்கள். இரண்டும் சேர்ந்து 2 முதல் 12 வரை விழும், சராசரி 7. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் போட்ட அதே 36 கட்டங்கள்தான். இப்போது நீங்கள் பயிற்சியாளர். கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் பகடையைக் கன்னாபின்னாவென்று திட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மனதாரப் பாராட்டுங்கள். இடையில் எது விழுந்தாலும் வாய் திறக்க வேண்டாம். வாய்விட்டுத் திட்ட வேண்டும் என்பது முக்கியம். மனதுக்குள் திட்டினால் இந்தச் சோதனையின் ருசி தெரியாது.

2 விழுந்து திட்டு வாங்கிய பகடை, அடுத்த முறை அதைவிடக் கூடுதலாக விழ 36க்கு 35 வாய்ப்பு. 3 விழுந்திருந்தால் 36க்கு 33. 4 விழுந்திருந்தால் 36க்கு 30. 2 ஒரே வழியில்தான் விழும், 3 இரண்டு வழிகளில், 4 மூன்று வழிகளில். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், திட்டு வாங்கிய பகடை 100க்கு 88 முறை திருந்துகிறது. மறுபக்கமும் அச்சு அசலாக அதே கணக்கு: பாராட்டு வாங்கிய பகடை 100க்கு 88 முறை தலைக்கனம் பிடித்து இறங்குகிறது. இவ்வளவு வெற்றி விகிதம் உள்ள பயிற்சி முறை உலகத்தில் வேறெதுவும் இருக்காது!

பகடைக்குக் காது கிடையாது. பிறகு எப்படி? நாம் வாயைத் திறக்கும் நேரத்தை நாமே தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். அடிமட்டத்தில் விழுந்தபோது மட்டும் திட்டினோம். அடிமட்டத்திலிருந்து போக இருக்கும் வழி பெரும்பாலும் மேலேதான். உச்சத்தில் மட்டும் பாராட்டினோம். அங்கிருந்து வழி பெரும்பாலும் கீழே. இதைத்தான் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள். பகடையைப் பிடித்து இழுக்கும் விசை எதுவும் இங்கே இல்லை. 2 விழுந்ததை ஈடுகட்ட அடுத்தது 12 விழும் என்றும் அர்த்தமில்லை. சூதாடிகள் வீட்டை அடகு வைப்பது அந்த நம்பிக்கையில்தான். 2க்குப் பிறகும், 12க்குப் பிறகும், எதிர்பார்க்க வேண்டியது அதே 7.

ஆட்டக்காரன் பகடை இல்லையே என்பீர்கள். சரிதான். அவனுக்குத் திறமை உண்டு, பயிற்சி உண்டு. ஆனால் ஒரு நாள் ஆட்டம் என்பது திறமையும் அன்றைய நிலைமையும் சேர்ந்தது. எதிரணியில் யார் கார்னர் நிற்கிறான், மண் ஈரமா, நடுவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், மின்னொளி ஆட்டத்தில் லைட் கண்ணைக் கூசியதா என்று அந்த நிலைமைக்கு ஆயிரம் கிளை. ஒரு ரைடர் நூற்றுக்கு 40 ரைடில் புள்ளி எடுப்பவன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்தில் 15 ரைடு போனால் சராசரியாக 6 வெற்றி. திறமை இம்மியும் மாறாமலே ஐந்தில் நான்கு ஆட்டங்களில் இந்த எண் 4க்கும் 8க்கும் இடையே ஆடும். ஐந்தில் ஒன்றில் 3 அல்லது அதற்குக் கீழே இறங்கும், இல்லையென்றால் 9 அல்லது அதற்கு மேலே ஏறும். 3 எடுத்துவிட்டு வந்து நிற்கிறவனைப் பார்த்து நீங்கள் கத்தினாலும், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனாலும், அடுத்த ஆட்டத்தில் அவன் 4ஐத் தொட 100க்கு 91 வாய்ப்பு.

நான் மிகவும் ரசிப்பது இனிமேல் வருவதை. ஸ்கோர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டுங்கள். பையன் பிரமாதமாக ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆட்டத்தைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சொன்ன பாராட்டு போன வார ஆட்டத்தைக் கெடுத்திருக்க முடியுமா? காலம் எந்தத் திசையில் ஓடினாலும் உச்சத்துக்கு அக்கம்பக்கம் பள்ளம்தான். பிரான்சிஸ் கால்டன் 1886இல் வெளியிட்ட உயரக் கணக்கும் இப்படித்தான். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட நெட்டைதான், ஆனால் பெற்றோர் விலகியிருந்த அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் விலகியிருந்தார்கள். திருப்பிப் போட்டால், மிக நெட்டையான பிள்ளைகளின் பெற்றோரும் பிள்ளைகளைவிடச் சராசரிக்கு நெருக்கம். பிள்ளை வளர்ந்ததால் அப்பா குட்டையாகிவிடவில்லை.

2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராகக் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்களில் ஒரு இன்னிங்ஸில்கூட 30ஐத் தொடவில்லை. அணியிலிருந்து போனவர் மறுபடி டெஸ்ட் ஆடியது 2025இல்தான். 303 யாருடைய சராசரியும் கிடையாது, பிராட்மேனுக்கே 99.94தான். ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருக்கிறார்கள்: கண்ணுபட்டுடுச்சு. உச்சத்துக்குப் பிறகு வரும் இறக்கம் திருஷ்டிக் கணக்கில் ஏறுகிறது. அடிமட்டத்தில் இருக்கும்போது பூசணிக்காய் உடைத்து, தாயத்துக் கட்டி, அதன் பிறகு வரும் ஏற்றம் பரிகாரக் கணக்கில் ஏறுகிறது. நல்லாயிருக்கும்போது யாரும் மந்திரிக்கப் போவதில்லை என்பதுதான் மந்திரிப்பவரின் முதலீடே. நிறுவனங்கள் தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வருவதும் விற்பனை படுத்துக்கிடக்கும் காலாண்டில்தான். அவருடைய சம்பளத்தில் பாதி சராசரிக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

தொழிற்சாலைக்கு வருவோம். 1924இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தைச் சேர்ந்த வால்டர் ஷூவார்ட் ஒரு வரைபடம் போட்டுக்கொடுத்தார்: நடுவில் சராசரிக் கோடு, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு எல்லைக்கோடு. எல்லைக்குள் ஆடும் புள்ளிகள் அந்த வேலையின் இயல்பான ஆட்டம். அதைத் தாண்டினால்தான் எழுந்து போய்க் காரணம் தேட வேண்டும்.

இதை மேலாளர்களின் மண்டையில் ஏற்ற அவருடைய வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு நாடகமே நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழி உள்ள பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு ரிஜெக்ட். கூட்டத்திலிருந்து ஆறு பேரை வேலைக்கு எடுப்பார். சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்கு அர்ச்சனை, கடைசியில் சிலருக்கு வேலையும் போகும். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சராசரி 10 சிவப்பு. ஷூவார்ட் எல்லைகளைப் போட்டால் 2 முதல் 18 வரை எதுவும் இயல்பு. 4 எடுத்தவன் உழைப்பாளியும் இல்லை, 16 எடுத்தவன் சோம்பேறியும் இல்லை. சிவப்பு மணியை வாங்கிப் பெட்டியில் போட்டது நிர்வாகம்.

ஓசூருக்கு இது அந்நியக் கதை அல்ல. டெமிங் பெயரில் ஜப்பானில் 1951இல் தொடங்கிய, தரத்துக்கான விருதை 2002இல் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. சிப்காட்டில் எத்தனையோ லைன்களில் இந்த வரைபடம் சுவரில் தொங்குகிறது. ஆனால் அது உதிரிபாகத்தின் விட்டத்துக்கு மட்டும் பொருந்தும், ஆட்களுக்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொள்கிறோம். நேற்று 3 ரிஜெக்ட், இன்றைக்கு 7 என்றவுடன் ஷிஃப்ட் முடிவதற்குள் ஒருவர் நிறுத்தி வைத்துக் கேட்கப்படுகிறார்.

திட்டே பலிக்காது என்று நான் சொல்லவில்லை. பலித்ததா என்று உங்கள் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன். புது மருந்தைச் சோதிக்கும்போது மருந்து தராத ஒரு குழுவையும் வைப்பது இதற்காகத்தான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதானே மாத்திரை தேடுகிறோம். மாவட்ட விளையாட்டுக்கு நிதி என்றால் கேலரியும் அலங்கார வளைவும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கை வைத்து, புள்ளியியல் படித்த ஒருவரைத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்தாவது போட்டால் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவோ தெளிவு பிறக்கும். பட்டதாரிகளுக்கா இங்கே பஞ்சம்?

அதுவரைக்கும் சூளகிரி சாருக்கு ஒரு யோசனை. இந்த சீசனில் ஒருவன் மோசமாக ஆடிவிட்டு வரும்போது நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வழக்கம்போலத் திட்டுங்கள், பூ விழுந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். இரண்டு வகையையும் தனித்தனியே எழுதிவைத்து, அடுத்த ஆட்டப் புள்ளிகளை ஒப்பிடுங்கள். பாராட்டுக்கும் அப்படியே. கூடவே ஒவ்வொரு ரைடருக்கும் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களின் சராசரியைக் கையில் வைத்திருங்கள். ஒரு ஆட்டம் 3க்கு இறங்கினால் விடுங்கள். ஐந்தாறு ஆட்டம் தொடர்ந்து 3ஐத் தாண்டவில்லை என்றால் அது அன்றைய நிலைமை இல்லை. முழங்காலைப் பிடித்துப் பாருங்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறானா என்று கேளுங்கள்.