ஒரே பிள்ளை ஆளுக்கொரு மாதிரி சாப்பிடுவது ஏன்?

குறுவை நடவு தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் பகல் முழுக்க அப்பாயி இடுப்பில்தான். சாயங்காலம் அம்மா வந்து பருப்புசாதம் பிசைந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். "பொரையா குடுத்து வயித்த ரொப்பிட்டீங்களா அத்தை?" என்று மருமகள் கேட்க, "எங்கிட்ட நல்லாத்தானே தின்னுச்சு" என்று மாமியார் சொல்ல, சண்டை ஆரம்பம்.

இரண்டு பேருமே கவனிக்காமல் விடுவது பிள்ளையின் உடம்புக் கணக்கை. 3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் கிட்டத்தட்ட 9 கிலோ ஆகிவிடும். அடுத்த ஒரு வருடத்தில் ஏறுவதோ சுமார் இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். "புள்ள இளைச்சுப் போச்சு, கண்ணு பட்டிருச்சு" என்று சுற்றிப் போடுவதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான், புதுச் சாப்பாட்டைக் கண்டால் மிரளும் குணம் தலைதூக்குவதும் இதே சமயம்தான்.

மிரளும் அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இங்கிலாந்தில் 16 மாத இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஜெமினி ஆய்வில், சாப்பாட்டில் பிகு பண்ணும் குணத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 46 சதவீதம் மரபணு சார்ந்தது, இன்னொரு 46 சதவீதம் வீட்டுச் சூழல் சார்ந்தது என்று தெரிந்தது. ஆக, பாதி பிறவி, பாதி வீடு. 1956இல் நியூயார்க்கில் குழந்தைகளின் சுபாவத்தைப் பின்தொடர ஆரம்பித்த தாமஸ், செஸ் தம்பதியும் இதையொட்டித்தான் பேசினார்கள்: சுபாவத்தில் நல்லது கெட்டது என்று கிடையாது, வளர்க்கிறவர்களோடு அது பொருந்துகிறதா என்பதே விஷயம்.

சரி, பல கை மாறும்போது என்ன ஆகிறது? அப்பாயியிடம் 'வேண்டாம்' என்றால் பிஸ்கட், தாத்தாவிடம் செல்போன், அம்மாவிடம் அதட்டல் என்று பிள்ளை சீக்கிரமே ஆளை எடை போட்டுவிடுகிறது. எப்போதாவது பலிக்கும் அடம்தான் எளிதில் போகாது, என்றோ ஒருநாள் விழுந்த பரிசுக்காக லாட்டரிச் சீட்டை விடாமல் வாங்குகிறவர் மாதிரி. எதையும் சட்டென ஏற்றுக்கொள்ளும் பிள்ளை இந்தக் குழப்பத்தைத் தாண்டிவிடும், கூச்ச சுபாவமுள்ளது திணறும். அதனால் யார் ஊட்டுகிறார்கள் என்பதை விட, ஊட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்ன, எப்போது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். கீரை மசியலைத் துப்பினால் விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி ஒரு விரல் வைத்துப் பாருங்கள், பழக எட்டுப் பத்து தடவைக்கு மேலும் ஆகலாம். திணித்தால் வேலைக்காகாது: 2006இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், 'சூப்பை முடி' என்று வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள் அந்த சூப்பைக் குறைவாகவே குடித்தார்கள்.

அப்புறம் பால். சாப்பிடவில்லையே என்று டம்ளர் டம்ளராகப் பசும்பால் கொடுத்தால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

வீட்டில் வாய் திறக்காத பிள்ளை பால்வாடியில் மட்டும் கலவை சாதத்தைக் காலி செய்வது பல அம்மாக்களுக்குக் கடுப்பாகத்தான் இருக்கும். அங்கே பக்கத்துப் பிள்ளைகள் அதையே சாப்பிடுகிறார்கள், இன்னொரு வாய் வாங்கிக்கோ என்று பின்னாலேயே ஓடி வர ஆளும் இல்லை.