காற்றாலை யாருக்குச் சொந்தம்? டென்மார்க் கண்ட விடை

1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, டென்மார்க்கின் எரிசக்தித் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காடு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரசும் மின் நிறுவனங்களும் அணுமின் நிலையங்களே தீர்வு எனக் கருதின. மக்களில் பெரும் பகுதியினர் அதை ஏற்கவில்லை. 1974இல் தொடங்கிய எதிர்ப்பியக்கம் ஊர் ஊராகப் பரவ, 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் சரிபாதிக்கும் மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது. கடற்காற்று தாராளமாக வீசுவதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. அதே காற்று வீசும் அண்டை நாடுகள் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தன.

அணுமின்சாரம் வேண்டாம் என்றவர்கள், மாற்று என்ன என்பதையும் செய்து காட்ட வேண்டியிருந்தது. ட்வின்ட் என்னுமிடத்தில் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975 முதல் 1978 வரை உழைத்து, 2 மெகாவாட் காற்றாலை ஒன்றை எழுப்பினர். கிறிஸ்டியன் ரீசேகர் என்ற தச்சர், பொறியாளர் யூல் 1957இல் கெட்சரில் நிறுவிய மூன்று இறக்கைக் காற்றாலையைப் பின்பற்றிச் சிறிய இயந்திரங்களைச் செய்தார். இதே காலத்தில் ஜெர்மனி, அரசு நிதியில் க்ரோவியன் எனும் 3 மெகாவாட் காற்றாலையை ஒரே பாய்ச்சலில் கட்டியது. அது சில நூறு மணி நேரமே ஓடி, பின்னர் பிரிக்கப்பட்டது.

டென்மார்க்கின் சிறிய இயந்திரங்கள் நிலைத்ததற்குக் காரணம், பழுதுகள் மறைக்கப்படாததே என்று நான் கருதுகிறேன். காற்றாலை உரிமையாளர்கள் கூடிப் பேசினார்கள். எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, எது உடைந்தது என்பதைத் தங்கள் இதழில் வெளியிட்டார்கள். 1979இல் காற்றாலைக்கான முதலீட்டில் 30 விழுக்காட்டை அரசு மானியமாகத் தரத் தொடங்கியபோது, ரீசோ ஆய்வு நிலையத்தின் ஒப்புதல் பெற்ற இயந்திரங்களுக்கே அது கிடைத்தது. இதனால் தயாரிப்பாளர்கள் வாங்குவோருக்கும் சோதிப்போருக்கும் பதில் சொல்ல நேர்ந்து, வடிவமைப்பு ஆண்டுக்காண்டு திருந்தியது.

சொத்துரிமையும் பரவலாக இருந்தது. ஓர் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து, தங்கள் வீட்டு மின் பயன்பாட்டை ஒட்டிய அளவில் பங்குகள் வாங்கினர். 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு பங்குதாரர்களாயின. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் மிடெல்குருண்டன் காற்றாலைகள் இதற்குச் சிறந்த சான்று. மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் என்பதே முதல் திட்டம். கடற்கரைக் காட்சி கெடும் என்று பொதுமக்கள் கருத்துக்கேட்பில் எதிர்ப்பு எழுந்ததால், 20 காற்றாலைகள் வளைந்த ஒற்றை வரிசையில் நிறுவப்பட்டன. அவற்றில் பாதி, 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம்.

இயந்திரங்கள் பெரிதாகி விலை ஏறியதும், உள்ளூரார் கையிலிருந்த உரிமை முதலீட்டு நிறுவனங்களுக்கு மாறியது. இரைச்சலும் நிழலும் பக்கத்து வீட்டாருக்கு, வருமானம் வெளியூராருக்கு என்ற நிலையில் எதிர்ப்பு மூண்டது. ஆகவே, புதிய காற்றாலையில் குறைந்தது 20 விழுக்காடு பங்கை அருகில் வாழ்வோருக்கு முதலில் வழங்க வேண்டும் என 2008இல் சட்டம் இயற்றப்பட்டது. 2020இல் அதற்குப் பதிலாக, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் தொகை வழங்கும் முறை வந்தது. இது எளிய ஏற்பாடுதான். ஆனால் பங்குதாரருக்கு இருந்த வரவுசெலவு கேட்கும் உரிமையும் வாக்களிக்கும் உரிமையும் தொகை பெறுபவருக்கு இல்லை என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.