ஆந்தைக் காசு ஒரிஜினலான்னு வெள்ளிகிட்டயே கேட்டுடலாம்

ஏதென்ஸ் டூர் போன மாமா ஆந்தை போட்ட வெள்ளிக் காசு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்காராம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்லி வித்தாங்களாம், ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்கன்னு தம்பி ஒருத்தர் நாலு போட்டோ அனுப்பியிருந்தார். கூடவே ஆந்தை அபசகுனமாச்சே, வீட்ல வெச்சுக்கலாமான்னு அவங்க பாட்டிக்கு ஒரு சந்தேகம். பாட்டிக்கு முதல்ல சொல்லிடுறேன், நம்ம ஊர்ல ஆந்தை அலறினா பயப்படுவோம், அங்க அது அதீனா தேவியோட பறவை, இன்னைக்கும் கிரீஸோட ஒரு யூரோ காசுல அதேதான் முழிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கு. தாராளமா வெச்சுக்கலாம் பாட்டி.

இந்தக் காசுக்குப் பேரு டெட்ராட்ராக்ம், அதாவது நாலு ட்ராக்மா (ட்ராக்மாங்கிறது அந்தக் கால கிரேக்கப் பணம்). எடை 17.2 கிராம் பக்கம் வரும். ஒரு பக்கம் ஹெல்மெட் போட்ட அதீனா, மறுபக்கம் ஆந்தை, ஆலிவ் இலை, குட்டிப் பிறை, ஏதென்ஸைக் குறிக்கிற மூணு கிரேக்க எழுத்து. வெள்ளி வந்தது ஏதென்ஸ் பக்கத்துல இருந்த லாரியான் சுரங்கத்துல இருந்து. அங்க கி.மு. 483 வாக்குல புதுசா வெள்ளி கொட்டவும், ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கலாம்னு பேசினவங்களைத் தடுத்து, ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் அந்தக் காசுல போர்க் கப்பல் கட்ட வெச்சார், 480ல சலாமிஸ் கடற்போர்ல பாரசீகப் படையை ஜெயிச்சாங்க, இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். காலம் கண்டுபிடிக்க ஒரு சின்ன ட்ரிக்: கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் காசுல முகம் பக்கவாட்டுல இருக்கும், கண்ணு மட்டும் நேரா நம்மளப் பாக்கும். 4ஆம் நூற்றாண்டுல கண்ணும் பக்கவாட்டுக்குத் திரும்பிடும்.

சரி, ஒரிஜினலா போலியான்னு எப்படிச் சொல்றது? எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே அந்த ஒரு சுத்தியல் அடிதான். அதீனா முகத்தைக் குழியா வெட்டின அச்சு கீழ, பட்டறைக்கல்லுல பதிச்சிருக்கும். அதுமேல கனமான ஒரு வெள்ளி வில்லை. அதுமேல ஆந்தை வெட்டின மேல் அச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓங்கி ஒரு போடு. அந்தக் கணத்துல வெள்ளி உருகல, கெட்டியாவேதான் இருக்கு, ஆனா அழுத்தம் தாங்காம பிசைஞ்ச மாவு மாதிரி நகருது. கீழ இருக்கிற குழிக்குள்ள இறங்கி அதீனாவோட மூக்கும் கன்னமும் புடைச்சு வருது, மீதி வெள்ளி நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஓடுது. அப்படி ஓடின தடம் விளிம்பு பக்கத்துல மெல்லிசு மெல்லிசான கோடா நிக்கும், லென்ஸ் வெச்சு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா பட்டுத்துணி மாதிரி மின்னும். இழுத்து நகர்ந்ததுல விளிம்புல அங்கங்க வெடிப்பு விடும். மேல் அச்சு வில்லையை விடச் சின்னது, அதனால ஆந்தை ஒரு சதுரப் பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கும். கீழ் அச்சோ பெருசு, வில்லை அதுக்குப் பத்தாது, அதனால அதீனாவோட ஹெல்மெட் கொண்டை முழுசா விழுந்த காசு கிடைக்கிறது அபூர்வம்!

வெள்ளியை உருக்கி அச்சுல ஊத்தி வார்த்த போலிக் காசுல இது எதுவும் வராது. திரவ வெள்ளி ஆறும்போது சுருங்கும், எழுத்தோட ஓரமெல்லாம் தேஞ்ச சோப்பு மாதிரி மழுங்கிப் போகும், குட்டிக் குட்டிக் காத்துக் குமிழி நிக்கும், சுத்தி விளிம்புல ரெண்டு அச்சு சேர்ந்த கோடும் அதை அரம் போட்டு மறைச்ச தடமும் தெரியும். அப்புறம், ஒரே அச்சுல அடிச்ச ரெண்டு நிஜக் காசுல படம் ஒத்துப்போகும், ஆனா ஓர வெடிப்பும் கீறலும் கூட அச்சு அசலா ஒத்துப்போச்சுன்னா ரெண்டுல ஒண்ணாவது போலிதான்.

இன்னைக்கு ஒருத்தன் புது அச்சு செஞ்சு சுத்தியலால அடிச்சா? அங்கதான் வயசு காட்டிக்குடுக்கும். பழைய வெள்ளிக்குள்ள இருக்கிற துளியூண்டு செம்பும் ஈயமும் நூற்றாண்டுக் கணக்கா மெதுவா படிகங்களோட எல்லைக்கு ஒதுங்கும், அந்த எல்லை வழியா அரிப்பு உள்ள போகும், கடைசியில காசு பிஸ்கட் மாதிரி நொறுங்குற நிலைக்கு வந்துடலாம், உடைஞ்சா உள்ள கல்கண்டு உடைஞ்ச மாதிரி இருக்கும். அதனால தயவுசெஞ்சு யாரும் தரையில போட்டு "கிணிங்"னு சத்தம் வருதான்னு பாக்காதீங்க.

வெள்ளியில மிஞ்சின ஈயத்தோட ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற எடையுள்ள அணுக்கள்) விகிதத்தை அளந்தா அது லாரியான் வெள்ளியோட ஒத்துப்போகுதான்னு கூடப் பாக்கலாம், ஆனா அதுக்கு மெஷின் வேணும், மெஷினுக்குப் பணம் வேணும். நம்மூர்ல பழங்காசு ஆராய்ச்சிக்குன்னு கேட்டா "இதனால என்ன பிரயோஜனம்"னு கேப்பாங்க. அதே காசு அரிசியை இழுக்கும், ரைஸ் புல்லிங்னு சொன்னா லட்சக்கணக்குல குடுத்து ஏமாற ஆள் ரெடியா இருக்கு, வயிறு எரியுது.

போலித் தொல்லை அன்னைக்கே இருந்திருக்கு. உள்ள செம்பு, மேல வெள்ளித் தகடு. ஸ்பார்ட்டாவோட நடந்த பெலப்பொனீசியப் போர் கடைசியில கஜானா காலியாகி ஏதென்ஸே அப்படி அடிச்சு விட்டுச்சு. கி.மு. 375 வாக்குல நிகோஃபோன்னு ஒருத்தர் சட்டம் கொண்டு வந்தார், அதை வெட்டின கல்லு 1970ல ஏதென்ஸ் அகோராவுல, அதாவது பழைய சந்தைத் திடல்ல, கிடைச்சுது. சந்தையில காசு மாத்துற மேசைங்களுக்கு நடுவுல ஒரு அரசு அடிமை உக்காந்து சோதிக்கணும், உள்ள செம்போ ஈயமோ இருந்தா அங்கயே குறுக்கா வெட்டிடணும், அவன் வேலையை ஒழுங்கா செய்யலன்னா அவனுக்கு 50 கசையடி. இந்த வேலைக்குத் தமிழ்ல பேரே உண்டு, வண்ணக்கன். சங்கப் புலவர்கள்லயே அந்தப் பேர் வெச்சவங்க இருக்காங்க. பல ஆந்தைக் காசுல நெத்தியிலயோ விளிம்புலயோ வெட்டு இருக்கிறதும் இப்படிச் சோதிச்ச தழும்புதான்.

வெட்டாமலே பாக்க நம்ம ஆர்க்கிமிடீஸ் இருக்கார். டம்ளர் தண்ணியை டிஜிட்டல் தராசுல வெச்சு ஜீரோ பண்ணுங்க, காசை நூல்ல கட்டி அடி தொடாம முக்குங்க, தராசு காட்டுறது காசு தள்ளின தண்ணியோட எடை. 17.2 கிராம் சுத்த வெள்ளின்னா 1.64 கிராம் காட்டணும், காசோட எடையை அதால வகுத்தா வர்ற அடர்த்தி 10.49. செம்பு 8.96தான். செம்பும் ஈயமும் கலந்து இந்த நம்பரை ஏமாத்தவும் முடியும், அதனால பாஸ் ஆனா சந்தோஷப்பட வேண்டாம், ஃபெயில் ஆனா நம்பலாம்.

தம்பி செஞ்சு பாத்தார். எடை 14.3, தண்ணியில 1.7, வகுத்தா 8.4. பித்தளை ரேஞ்சு. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா விளிம்பைச் சுத்தி நேரா ஒரு கோடு, அதீனாவுக்குக் கொண்டை ஒரு முடி குறையாம முழுசா இருக்கு. மாமா கிட்ட சொல்லுங்க, ஒரிஜினலா இருந்து பர்மிட் இல்லாமக் கொண்டு வந்திருந்தா ஏதென்ஸ் ஏர்போர்ட்லயே உக்கார வெச்சிருப்பாங்க, அந்த வகையில லாபம்தான்.